கண் நடுவுல ரத்தக்குழல் இல்லாத வட்டத்துக்கு என்ன சொல்?

வேலந்தாவளம், மொழிபெயர்ப்பாளர்:
விழித்திரை, அதாவது கண்ணுக்குள்ள பின்பக்கம் இருக்கற திரை, பிரிஞ்சு ஆபரேஷன் ஆனவங்களுக்கான நோட்டீஸ் திங்கக்கிழமை பிரஸ்ஸுக்குப் போகணும். நம்ம பாலக்காடு சித்தூர் தாலுக்காவுல இருந்து கோயமுத்தூர் போய் ஆபரேஷன் பண்ணிட்டு வர்றவங்க பலர் வீட்ல தமிழ்தான் பேசறாங்க, அதான் தமிழ்ல. சிக்கல் ஒரே எடத்துல. விழித்திரையோட நட்டநடுவுல சுமார் அரை மில்லிமீட்டர் அகல வட்டத்துக்கு தந்துகியே (முடி மாதிரி மெல்லிய ரத்தக்குழல்) கிடையாது, நல்ல கண்ணுலயும் அப்படித்தான். மேக்குலாவும் (திரையோட நடுப்பகுதி) சேந்து பிரிஞ்சவங்கள்ல சில பேருக்கு, திரை ஒட்டினப்புறம் ஓசிடி ஆஞ்சியோ (திரையோட ரத்தக்குழல்களைக் காட்டற ஸ்கேன்) எடுத்தா இந்த வட்டம் பெருசாவும் சுத்தியிருக்கற தந்துகி வலையோட அடர்த்தி கம்மியாவும் தெரியுது. 'நாளமில்லா வட்டம்'னு போட்டிருக்கேன், சரியா?

பொள்ளாச்சி, உயிரியல் ஆசிரியர்:
வேண்டாங்க. 'நாளமில்லா'ன்னதும் எந்தப் பையனும் தைராய்டுன்னுதான் சொல்லுவான், நாளமில்லாச் சுரப்பி அவ்வளவு ஊறிப்போச்சு. அதுபோக இலங்கைப் பாடநூல்ல நம்ம தமனி நாடி, நம்ம சிரைதான் நாளம். அங்க படிக்கறவங்களுக்கு அர்த்தமே மாறிடும்.

மார்த்தாண்டம், புலவர்:
தமனியும் சிரையும் வடசொல். குழி, குழல், குழாய் ஒரே வேர், மலையாளத்துலயும் ரக்தக்குழல்னு உயிரோட இருக்கு. குறுந்தொகை முதல் பாட்டுலயே காந்தளைக் குருதிப்பூன்னு பாடியிருக்கையில ரத்தம்னு எதுக்கு எழுதணும்? உயிரிலி, ஏதிலி மாதிரி 'குருதிக்குழலிலி'ன்னு வையுங்க.

கொழிஞ்சாம்பாறை, செவிலியர்:
ஐயா, திரை ஒட்டறதுக்காகக் கண்ணுக்குள்ள கேஸ் வெச்சு குப்புறப் படுத்திருக்கறவங்களுக்கு இதை நான்தான் படிச்சுக் காட்டணும். ஸ்கேன்ல வெள்ளை வலைக்கு நடுவுல கறுப்பா வட்டத்தப் பாத்துட்டு ஒரு அம்மா 'அந்த எடம் செத்துப்போச்சா கண்ணு'ன்னு அழுதுட்டாங்க, பிரியாத கண்ணோட படத்தப் பக்கத்துல வெச்சு அதுலயும் வட்டம் இருக்குன்னு காட்டினப்புறம்தான் சோறே தின்னாங்க. இலி, இல்லான்னு எது வந்தாலும் பயந்துக்குவாங்க. 'தெளிவட்டம்'னு வெச்சா என்ன?

பொள்ளாச்சி, உயிரியல் ஆசிரியர்:
கேக்க நல்லாயிருக்குங்க. ஆனா 'தெளிவட்டம் பெருசாயிருக்கு'ன்னா பார்வை தெளிஞ்சுருச்சுன்னு நெனச்சு மறு பரிசோதனைக்கே வரமாட்டாங்களே. அப்புறம், திரை ஒட்டறதுக்காகக் கண்ணைச் சுத்திப் போடற சிலிக்கோன் பட்டையும் சில சமயம் ரத்த ஓட்டத்தக் கொறைக்கும், அதுக்கும் ஒரு வரி வேணும்.

வேலந்தாவளம், மொழிபெயர்ப்பாளர்:
பட்டை வரி சேத்துடறேன். பேரு 'குழலில்லா நடுவட்டம்'னு வெச்சு, பக்கத்துலயே 'நல்ல கண்ணிலும் இது உண்டு, அளவுதான் முக்கியம்'னு பெரிய எழுத்துல போடறேன், ரெண்டு கண்ணு படமும் வரும். பலபேர் சரின்னுட்டாங்க.

மார்த்தாண்டம், புலவர்:
குழல் நின்னது சந்தோஷம். உள்ளே இன்னும் நாலு எடத்துல 'ரத்தம்' இருக்கு, அதுக்கு நான் சம்மதிக்கல. ஞாயித்துக்கிழமை ராத்திரிக்குள்ள திருத்தி அனுப்பறேன், பாருங்க.