12 வோல்ட் எஸ்எம்பிஎஸ் 'டிக் டிக்' என்கிறது, அவுட்புட் இல்லை

வணக்கம் நண்பர்களே. சிசிடிவிக்குப் போடும் 12 வோல்ட் 10 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் (வீட்டுக் கரண்ட்டை டிசியாக மாற்றித் தரும் பவர் சப்ளை), அதை ஓட்டும் கன்ட்ரோல் ஐசி யூசி3842. போன வாரம் திண்டுக்கல்லில் இடி இடித்த ராத்திரியிலிருந்து அவுட்புட் வரவில்லை. காதைக் கிட்டே கொண்டுபோனால் நொடிக்கு ஒரு 'டிக்'. பெரிய கெப்பாசிட்டரில் 315 வோல்ட் ஆடாமல் நிற்கிறது. ஐசிக்கு சப்ளை வரும் 7வது காலில் மட்டும் 10 வோல்ட்டுக்கும் 16 வோல்ட்டுக்கும் நடுவே மீட்டர் முள் ஏறி ஏறி இறங்குகிறது.

ஐசி, 7வது காலில் இருக்கும் 47 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், மாஸ்ஃபெட் (ஸ்விட்ச் செய்யும் ட்ரான்சிஸ்டர்) மூன்றையும் மாற்றிவிட்டேன். லோடு எடுத்தாலும் அதேதான். அவுட்புட் ஷாட்கி டையோடு, ஐசிக்கு சப்ளை தரும் ஆக்ஸிலரி டையோடு இரண்டையும் கழற்றிப் பார்த்தேன், நன்றாகவே இருக்கின்றன. ட்ரான்ஸ்ஃபார்மர் மேல்தான் சந்தேகம். கடையில் கிடைக்காத சரக்கு, சும்மா பிரித்துப் பார்க்க மனம் வரவில்லை.

ஆசிலோஸ்கோப் இல்லாமல், மல்டிமீட்டரும் சீரிஸ் பல்பும் (கரண்ட் லைனில் தொடராகப் போடும் பல்பு) மட்டும் வைத்து, ட்ரான்ஸ்ஃபார்மர் வைண்டிங்கின் (கம்பிச் சுருளின்) உள் ஷார்ட்டை எப்படி உறுதி செய்வது?