காசநோயாளியின் சிகிச்சைப் பாதையை பிபிஎம்என்-இல் வரைவது எப்படி?

கேள்வி
வணக்கம். காசநோய் சிகிச்சைக்கு ஒரு மென்பொருள் செய்கிறோம். கண்டறிதல், இரண்டு மாதம் நான்கு மருந்து, அப்புறம் நான்கு மாதம் மூன்று மருந்து என்று பிபிஎம்என் 2.0-இல் (வேலைகளின் வரிசையைப் பெட்டி, அம்புக்குறிகளால் வரையும் முறை) நேர்க்கோடாகத்தான் தொடங்கினேன். சர்க்கரை, எச்ஐவி, கல்லீரல் பாதிப்பு, நடுவில் மருந்தை விட்டவர் என்று ஒவ்வொன்றுக்கும் கேட்வே (வழி பிரியும் இடம்) போடப் போட, அம்புக்குறிகள் பின்னிக்கொண்டு டாக்டரிடம் காட்டவே முடியாத படமாகிவிட்டது. வரிசை முன்கூட்டியே முடிவாகாத வேலைகளை வரைவதற்கான சிஎம்எம்என்-க்கு மாறலாமா?

பதில் 1
மாற வேண்டாம். சிஎம்எம்என் 2016-இல் வந்த 1.1 பதிப்போடு நிற்கிறது, இந்தப் படங்களை இயக்கும் கமுண்டா 8 மென்பொருளில் அதற்கு ஆதரவே இல்லை. ஆனால் அதிலுள்ள யோசனை நல்ல யோசனை: கட்டாய வரிசை எது, டாக்டர் ஆளைப் பார்த்து முடிவெடுப்பது எது என்று முதலில் பிரியுங்கள். இரண்டாவதை பிபிஎம்என்-இலேயே இருக்கும் அட்-ஹாக் சப்-ப்ராசஸுக்குள் (வரிசை கட்டாயமில்லாத வேலைகளை அடக்கும் பெட்டி) போட்டால் போதும், அங்கே அம்புக்குறி தேவையில்லை.

பதில் 2
உங்கள் கேட்வேக்களில் பாதி வெறும் விதிகளாகத்தான் இருக்கும், அவற்றை டிஎம்என் அட்டவணைக்கு (எந்த நிலையில் என்ன முடிவு என்று விதிகளை எழுதும் அட்டவணை) தள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தைப் பாருங்கள். நோய் உறுதியானதும் எடை, உயரம், கால் வீக்கம், மூச்சு, ஆக்சிஜன், பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா, இவ்வளவுதான் பார்க்கிறார்கள். மூச்சு நிமிடத்துக்கு 24-ஐத் தாண்டினாலோ, ஆக்சிஜன் 94 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலோ, பிடிமானம் இல்லாமல் நிற்க முடியாவிட்டாலோ, உயரத்துக்கு எடை மிகவும் குறைவாக இருந்தாலோ (இதில் கால் வீக்கத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள்) மேல் சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். படத்தில் இது ஒரே பெட்டி. நாளைக்கு வரம்பு மாறினால் அட்டவணையை மட்டும் திருத்தலாம்.

பதில் 3
இரண்டு மாதத்தை டைமராக வைத்திருந்தால் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். வாந்தி, மஞ்சள் காமாலை என்று வந்து, ஏஎல்டி (கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) இயல்பு வரம்பைப் போல மூன்று மடங்கைத் தாண்டினால் கல்லீரலைப் பாதிக்கும் மருந்துகளை நிறுத்துவோம், குறைந்தபிறகு ஒவ்வொன்றாகத்தான் திரும்பத் தொடங்குவோம். அத்தனை நாளும் காலண்டர் ஓடும், சிகிச்சை ஓடாது. எண்ண வேண்டியது சாப்பிட்ட டோஸ்களை. இன்னொன்று, கல்லீரல் பாதிப்பை முழு சிகிச்சையின் மேல் இன்டரப்டிங் நிகழ்வாக (வந்ததும் உள்ளே நடப்பதை நிறுத்திவிடும் நிகழ்வு) ஒட்டினால் சத்துணவு, வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது எல்லாமே சேர்ந்து ரத்தாகிவிடும், அந்த நேரத்தில்தான் அவருக்கு அவை ரொம்பத் தேவை. மருந்து கொடுப்பதைத் தனி சப்-ப்ராசஸாக்கி அதன்மேல் மட்டும் ஒட்டுங்கள், டோஸ் கணக்கை அதற்கு வெளியே வையுங்கள்.