புது ஹீட் பம்ப்: குழாய்த் தண்ணீரையே நிரப்பி ஓட்டலாமா?

நெக்கார்க்கரையான்:
வணக்கம். ஸ்டுட்கார்ட் பக்கம் பழைய வீடு. எண்ணெய் பாய்லரைத் தூக்கிவிட்டு 8 கிலோவாட் ஹீட் பம்ப் (வெளியிலிருக்கும் வெப்பத்தை இழுத்து வீட்டைச் சூடாக்கும் மின் இயந்திரம்) போடுகிறோம். கீழ்த்தளத்தில் தரைக்குள் புதுக் குழாய், மேலே பழைய இரும்பு ரேடியேட்டர்கள் அப்படியே இருக்கும். சூடான தண்ணீரைச் சேர்த்து வைக்கும் பஃபர் டேங்க் உட்பட மொத்தம் 400 லிட்டர் பிடிக்குமாம். அடுத்த வாரம் நிரப்பப் போகிறார்கள். வேலைக்காரர் ஹோஸை மாட்டி நேரே குழாய்த் தண்ணீரை விட்டுவிடலாம், குடிக்கிற தண்ணீர்தானே என்கிறார். எங்கள் ஊர்த் தண்ணீர் ஜெர்மன் கடினத்தன்மை அளவில் 17 டிகிரி, அதாவது சுண்ணாம்பு அதிகம். வேறொரு கொட்டேஷனிலோ உப்பு நீக்கிய தண்ணீர் என்று தனி வரி, அதற்குத் தனிக் காசு. இது தேவையா, பில்லை ஏற்றும் வேலையா? வீட்டில் சாஃப்ட்னர் இருக்கிறதே, அந்தத் தண்ணீர் போதாதா?

குழாய்க்காரன்_டோர்ட்முண்ட்:
தேவைதான் தம்பி. ஜெர்மனியில் இதற்கென்றே வி.டி.ஐ. 2035 என்ற பொறியாளர் சங்க விதி இருக்கிறது, அநேக ஹீட் பம்ப் கையேடுகளும் அதைத்தான் காட்டும், நாளைக்கு ஏதாவது பழுதென்றால் முதலில் தண்ணீரைத்தான் கேட்பார்கள். 400 லிட்டரை 8 கிலோவாட்டால் வகுத்தால் கிலோவாட்டுக்கு 50 லிட்டர். 40-ஐத் தாண்டினாலே கடினத்தன்மை கிட்டத்தட்ட பூச்சியமாக இருக்க வேண்டும் என்கிறது விதி.

17 டிகிரித் தண்ணீர் 400 லிட்டரில் அதிகபட்சம் 120 கிராம் சுண்ணாம்பு வரும். இவ்வளவுதானா என்று தோன்றும், ஆனால் அது குழாய் முழுக்கப் பரவலாகப் படியாது, எங்கே சூடு அதிகமோ அங்கே போய் ஒட்டும். ஹீட் பம்பில் தண்ணீர் 35, 40 டிகிரியில்தான் ஓடும் என்றாலும் உள்ளே துணைக்கு இருக்கும் மின் சூடேற்றிக் கம்பி அப்படியில்லை. உண்மையான தொல்லை அதற்குப் பிறகு, அழுத்தம் இறங்கும்போதெல்லாம் ஹோஸை மாட்டி ஊற்றுவதில் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் புதுச் சுண்ணாம்பும் புது ஆக்சிஜனும் உள்ளே போகும், இரும்பு ரேடியேட்டர் அரித்துக் கறுப்புச் சேறு வரும்.

சாஃப்ட்னர் தண்ணீரை விடவே வேண்டாம். அது கால்சியத்தை எடுத்துவிட்டு சோடியத்தை வைக்கிறது, உப்பு குறைவதே இல்லை. சூடானதும் கார்பன் டை ஆக்சைடு பிரிந்து பி.ஹெச். (அமில-கார அளவு) 9-ஐத் தாண்டி ஏறலாம். அலுமினியப் பாகம் ஏதாவது இருந்தால் அதற்கு ஆகாது.

ஈஸ்ட்ஹாம்_ரவி:
இங்கே லண்டனில் கதை வேறு. பி.எஸ். 7593 என்ற பிரிட்டிஷ் தரவிதி சொல்வது: வடிவாகக் கழுவு, அரிப்பைத் தடுக்கும் இன்ஹிபிட்டர் மருந்து ஊற்று, ஒரு ஃபில்டர் போடு. அந்த ஃபில்டர் பெரும்பாலும் இரும்புச் சேற்றைப் பிடிக்கும் காந்தம்தான். வருடத்துக்கு ஒருமுறை மருந்தின் அளவைச் சோதிக்க வேண்டும். ரேடியேட்டர் அடியில் குளிர்ந்தால் சேறு, மேலே குளிர்ந்தால் காற்று, இது இரண்டு நாட்டுக்கும் பொது. நெக்கார், நீங்களும் ஒரு பாட்டில் மருந்து ஊற்றிவிட்டால் முடிந்ததே?

குழாய்க்காரன்_டோர்ட்முண்ட்:
ஊற்றலாம் ரவி, ஆனால் இங்கே மருந்து கடைசி வழி. தண்ணீர் சுத்தமாக இருந்து காற்றும் உள்ளே புகாவிட்டால் அதற்கு அவசியமில்லை. ஊற்றியவர் பிறகு அளந்துகொண்டும் இருக்க வேண்டும், அதை எத்தனை பேர் செய்கிறார்கள்? காந்த ஃபில்டர் மட்டும் நெக்காரும் போடட்டும், பழைய இரும்பு இருக்கிறதல்லவா.

நெக்கார்க்கரையான்:
சரி அண்ணா, நான் வேலைக்காரரிடம் என்னவென்று சொல்ல?

குழாய்க்காரன்_டோர்ட்முண்ட்:
முதலில் பழைய ரேடியேட்டர்களைத் தனியாகக் கழுவச் சொல்லுங்கள். பழைய சேற்றோடு புது ஹீட் பம்பை இணைத்தால் மற்றதெல்லாம் வீண். கழுவிய பிறகு பாதி வடித்த நிலையில் நாள்கணக்கில் விடக்கூடாது, ஈரமும் காற்றும் சேர்ந்த இடத்தில்தான் துரு வேகமாகப் பிடிக்கும்.

அப்புறம் நிரப்புவதற்கு, தண்ணீரின் உப்பை நீக்கும் ரெசின் கேட்ரிட்ஜ், அது வாடகைக்கும் கிடைக்கும். அதன் மேல் லிட்டர் பெருக்கல் டிகிரி என்று கொள்ளளவு போட்டிருக்கும், உங்களுக்கு 400 × 17, அதாவது 6800 வேண்டும், கொஞ்சம் கூடுதலாகவே வாங்குங்கள். வெளியே வரும் தண்ணீரின் மின்கடத்துதிறன் (உப்பு எவ்வளவு மிச்சம் என்று காட்டும் அளவு) 100 மைக்ரோசீமென்ஸுக்குக் கீழே இருக்கிறதா என்று மீட்டரைப் பார்த்துக்கொண்டே ஆறுதலாக நிரப்ப வேண்டும். எண் குதித்தால் ரெசின் தீர்ந்துவிட்டது. சூட்டில் பெருகும் தண்ணீருக்கு இடம் கொடுக்கும் விரிவுத் தொட்டியின் காற்றழுத்தத்தை நிரப்பும் முன்பே சரிபார்க்கச் சொல்லுங்கள், அது தப்பினால் குளிரும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். நிரப்பி முடிந்ததும் ஹோஸைக் கழற்றிவிட வேண்டும்.

உப்பு நீக்கிய தண்ணீரின் பி.ஹெச். முதல் நாளில் குறைவாகத்தான் காட்டும், பயந்து எதையும் ஊற்றாதீர்கள், அது தானே ஏறும். சுமார் 10 வாரம் ஓடிய பிறகு அளந்தால் 8.2-க்கு மேலே நிற்க வேண்டும். அலுமினியம் இருந்தால் 9-ஐத் தாண்டக்கூடாது. மின்கடத்துதிறன், பி.ஹெச். இரண்டு அளவையும் பதிவுப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், கடைசித் தவணைக் காசை அதுவரை கையில் வைத்திருங்கள்.