ஸ்டேஷனில் அடி: சிசிடிவி பதிவைக் காப்பாற்றுவது எப்படி?

கேள்வி: விசாரணைக்குப் போன பையனுக்கு ஸ்டேஷனில் அடி. கேமரா பதிவு அழியும் முன் குடியிருப்போர் சங்கம் என்ன செய்யலாம்?

பதில் 1: முதலில் அரசு மருத்துவமனை. காயம் எப்படி வந்தது என்று டாக்டர் எழுதும் ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் ‘கீழே விழுந்தார்’ என்று எழுத விட்டுவிடாதீர்கள், பிறகு வழக்கு பலவீனமாகிவிடும். அன்றே எஸ்.பி.க்கு ஸ்பீடு போஸ்ட்: உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், எந்த அறை, ‘பதிவைப் பாதுகாக்கவும்’ என்ற ஒரு வரி.

பதில் 2: ஸ்டேஷன் கேமராக்கள் பற்றிய உச்ச நீதிமன்றத்தின் 2020 பரம்வீர் சிங் சைனி தீர்ப்பைக் கடிதத்தில் குறிப்பிடுங்கள். பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும். வசதி இல்லையென்றாலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது. ‘கேமரா ரிப்பேர்’ என்பார்கள், வழக்கமான பதில்தான். பழுதை உடனே, இந்தக் கேமராக்களுக்கான மாவட்டக் கண்காணிப்புக் குழுவுக்குச் சொல்வது நிலைய அதிகாரியின் பொறுப்பு. அப்படிச் சொன்ன கடிதத்தின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் (ஆர்டிஐ) கேளுங்கள். கடிதம் இல்லையென்றால் அதுவே உங்களுக்குச் சாட்சி.

பதில் 3: மாவட்டக் காவல் புகார் ஆணையத்தை நம்பி உட்கார வேண்டாம். 2013 தமிழ்நாடு காவல் சீர்திருத்தச் சட்டப்படி அதன் தலைவர் கலெக்டர், எஸ்.பி.யும் உறுப்பினர், பாலுக்குப் பூனை காவல். 2006-இல் உச்ச நீதிமன்றம் தலைவராகப் போடச் சொன்னதோ ஓய்வுபெற்ற நீதிபதியை. மாநில மனித உரிமை ஆணையத்துக்கே எழுதுங்கள், பதிவை வரவழைக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. சம்பவம் நடந்து ஓராண்டு தாண்டினால் மனுவை எடுக்க மாட்டார்கள்.