த்ரீ வே பெட்டியில குரல் உள்ள போய்க் கிடக்கு, குறோசோவர் பிழையோ?

கேட்டவர், பரந்தன்:
அண்ணைமார் ஒருக்கா பாத்துச் சொல்லுங்கோ. ரெண்டு பெட்டி நானே அடிச்சனான், அடிச்சத்தத்துக்கு 10 இஞ்சி வூபர், குரலுக்கு 5 இஞ்சி மிட், கீச்சுச் சத்தத்துக்கு டோம் ருவீற்றர், எல்லாம் 8 ஓம். சத்தத்தைப் பிரிச்சு மூண்டுக்கும் அனுப்புற குறோசோவர் 500 ஹேர்ட்ஸிலயும் 3500இலயும் வெட்டு, 12 டெசிபல் சரிவு, லிங்விட்ஸ் ரைலி எண்ட முறைக் கணக்கு. கீழ 5.1 மில்லிஹென்றி கொயிலும் 20 மைக்ரோபரட் கப்பாசிட்டரும் (10 ரெண்டைப் பக்கம் பக்கமாக் கட்டினது), மேல 0.73உம் 2.7உம். கணக்கு மூண்டு தரம் பாத்திட்டன். ஆனா ஆள் பாடேக்க பானைக்குள்ள இருந்து பாடுற மாதிரிக் கிடக்கு, நாதஸ்வரம் காதைக் குத்துது. வைகாசியில வட்டாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு அக்காவை வருகினம், மானம் போகப்போகுது.

முள்ளியவளை செட்டுக்காரன்:
ரெடிமேட் குறோசோவர் போர்ட் ஒண்டை வாங்கிப் பூட்டும், உதெல்லாம் மினக்கேடு.

பழைய றேடியோ, கிளிநொச்சி:
அவர் சொல்லுறதை விடு தம்பி, கணக்குச் சரி. 12 டெசிபல் எண்டா வெட்டுற இடத்தில பக்கத்துப் பக்கத்து ஸ்பீக்கர் ரெண்டும் 180 பாகை எதிரா நிக்கும், ஒண்டு தள்ளேக்க மற்றது இழுக்கும், சத்தம் அந்த இடத்தில குழி விழும். நீ எல்லாத்துக்கும் பிளஸுக்கு பிளஸ் குடுத்திருப்பாய். மிட்டின்ர வயரை மட்டும் பிளஸ் மைனஸ் மாத்திக் குடு, மற்ற ரெண்டையும் தொடாத. அதோட மிட்டுக்குப் பின்னால தனி அறை விட்டனியோ?

கேட்டவர், பரந்தன்:
இல்லையண்ணை, எல்லாம் ஒரே பெட்டிக்குள்ள.

பழைய றேடியோ, கிளிநொச்சி:
அப்ப மிட் வயரை ரெண்டு நுனியும் கழட்டி ரேப் சுத்திப்போட்டு, தவில் பாட்டு ஒண்டைப் போட்டு மிட்டின்ர கோனில விரலை மெல்ல வை. கரண்டே போகாம கோன் துள்ளுமெண்டா வூபர் காத்து பின்னால இருந்து அடிக்குது, அதுக்கு எந்தக் கப்பாசிட்டரும் மருந்தில்லை. ஆறு இஞ்சி பிவிசி குழாய்த் துண்டை மிட்டுக்குப் பின்னால நிக்கவச்சு, வாயைப் பலகையால அடைச்சு சிலிக்கன் பூசு, உள்ள இலவம் பஞ்சு கொஞ்சம், அமத்தித் திணிக்காத. நாங்கள் சைக்கிள் டைனமோ சுத்தி றேடியோ கேட்ட காலத்தில ஒரு பெட்டி கிடைச்சதே பெரிசு, நீங்கள் அறை பிரிக்கிறியள்.
நாதஸ்வரம் குத்துறதுக்கு ருவீற்றரை 3 டெசிபல் மட்டில இறக்கு. குறோசோவருக்குப் பிறகு 2.2 ஓம் தொடரா, 22 ஓம் ருவீற்றருக்குக் குறுக்க, பத்து வாட்ஸ். தனிய ஒரு றெசிஸ்டரைத் தொடராப் போட்டா வெட்டுற இடமே நகர்ந்திடும்.
பக்கத்துப் பக்கத்துக் கொயில் ரெண்டையும் ஒரே பக்கம் பாத்துப் படுக்க வைக்காத, ஒண்டை நிமித்தி வை, ஒண்டின்ர காந்தம் மற்றதில ஏறும்.

கேட்டவர், பரந்தன்:
அண்ணை கோன் சும்மா துள்ளுதண்ணை, வயரே இல்லாம! ஒரு பெட்டிக்குக் குழாயும் வச்சு வயரும் மாத்தியாச்சு, மற்றதைத் தொடேல்லை, ரெண்டையும் மாறி மாறிப் போட்டா அம்மாவே குசினிக்குள்ள இருந்து "எது இப்ப பாடினது"ண்டு கேக்கிறா. 22 ஓம் இஞ்ச கடையில இல்லை, 10 தான் கிடக்கு.

பழைய றேடியோ, கிளிநொச்சி:
ரெண்டு 10ஐத் தொடராக் கட்டு, 20 காணும்.