அரசலாற்றங்கரை வீடு (குடும்பக் குழு)

குமார், லண்டன் – 4:12
📷 படம்
எல்லாரும் பாருங்கள். வியாழக்கிழமை இங்கே ஓர் ஏலம். வெண்கலப் பார்வதி, 41 செ.மீ., தென்னிந்தியா, 17ஆம் நூற்றாண்டு. 6,000 பவுண்டில் ஆரம்பம். எடுத்துவிடலாம் என்றிருக்கிறேன்.

மீனா அத்தை – 4:15
அம்மாடி, என்ன களை! ஆனால் வீட்டில் வைத்தால் தினமும் நைவேத்தியம் செய்ய வேண்டும். நீ உனக்கே காபி போட்டுக்கொள்ள மாட்டாய்.

கவிதா – 4:16
6,000 பவுண்டா! ஊர் வீட்டுக்கு ஓடு மாற்றிவிடலாம்டா.

குமார் – 4:18
அது ஆரம்ப விலைதான் அக்கா. ஏலம் முடிந்த தொகைக்கு மேல் கமிஷனே கால் பங்கு வரும், அதற்கு வரி வேறு 🙈

பெரியப்பா – 4:31
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூக்கும் உதடும் வழவழவென்று தேய்ந்திருக்கின்றன. தலைமுறை தலைமுறையாக அபிஷேகம் செய்து துடைத்த முகம் இப்படித்தான் இருக்கும். இது கூடத்து அலமாரியில் இருந்த பொம்மை இல்லை தம்பி. எங்கிருந்து வந்ததாம்?

குமார் – 4:34
‘ஐரோப்பியத் தனியார் சேகரிப்பு, 1968இல் ஏலத்தில் வாங்கியது’ என்று போட்டிருக்கிறார்கள். கலைப்பொருள் கடத்தலைத் தடுக்கிற 1970 யுனெஸ்கோ உடன்படிக்கைக்கு முந்தியது, அதனால் சிக்கல் இல்லையாம்.

பெரியப்பா – 4:41
பழம்பொருள் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த நம் நாட்டில் 1947லேயே சட்டம் வந்துவிட்டது. 1972இல் வந்தது அதைவிடக் கெடுபிடியான சட்டம். 1968இல் யார் பணம் கட்டினார் என்பதற்குத்தான் அவர்களிடம் சீட்டு இருக்கிறது. சந்நிதியிலிருந்து வெளியே போனதற்கு எங்கே சீட்டு?

பெரியப்பா – 4:49
கும்பகோணம் பக்கத்துச் சுந்தரப்பெருமாள்கோயில் திருமங்கையாழ்வார் வெண்கலச் சிலை விஷயம் மறந்துவிட்டதா? ஆக்ஸ்போர்டு அஷ்மோலியன் அருங்காட்சியகமும் 1967இல் சோத்பீஸ் ஏலத்தில் பணம் கொடுத்துத்தான் வாங்கியது. ஆனால் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் 1957இல் எடுத்த படம் இருந்தது. அதில் ஆழ்வார் கோயிலில் நிற்கிறார்! 2024இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் திருப்பித் தரச் சம்மதித்தது. இடையில் கோயிலில் இருந்தது நகல்.

சித்தப்பா – 4:52
சின்ன வயதில் நான் அங்கே போய் ஆழ்வாரைச் சேவித்திருக்கிறேன். யாரைச் சேவித்தேன் என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

கவிதா – 4:55
அப்போது ஏலத்தில் எதையுமே வாங்கக் கூடாதா பெரியப்பா? நீங்கள் மட்டும் பழங்காசு வாங்கிக் குவிக்கிறீர்கள்.

பெரியப்பா – 5:03
ராஜராஜன் செப்புக் காசைச் சொல்கிறாயா? ஒரு பக்கம் நிற்கிற உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவம், பக்கத்தில் நாகரியில் பேர். அது கடைத்தெருவில் புழங்க அடித்தது. இது சந்நிதியில் நின்றது. காசிலும் ஏமாற்று உண்டு. அச்சில் வார்த்த போலியாக இருந்தால் ஓரத்தைச் சுற்றி மெல்லிய கோடு தெரியும். என்னிடமே இரண்டு இருக்கின்றன, உங்கள் பெரியம்மாவிடம் சொல்லாதீர்கள்.

மீனா அத்தை – 5:04
அண்ணி இந்தக் குழுவில்தான் இருக்கிறார்கள் அண்ணா.

பெரியப்பா – 5:05
🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியம்மா – 5:06
படித்துவிட்டேன்.

பெரியப்பா – 5:10
சரி, குமார், பீடத்தைப் பக்கவாட்டிலும் அடியிலும் படம் எடுத்து அனுப்பச் சொல். உலா போகிற திருமேனி என்றால் தண்டில் கட்ட வளையமோ துளையோ இருக்கும். திருவாசி, அதாவது பின்னால் நிற்கிற அலங்கார வளைவு, மாட்ட முளையும் இருக்கும்.

குமார் – 8:47
அனுப்பிவிட்டார்கள். விற்பவர் பேரைக் கேட்டேன், சொல்ல மாட்டார்களாம்.
📷 3 படங்கள்

பெரியப்பா – 9:02
இரண்டாவது படத்தைப் பார். இடமும் வலமும் ஒரே உயரத்தில் இரண்டிரண்டு தழும்பு. வளையம் இருந்த இடம். அரத்தால் ராவியிருக்கிறார்கள். மற்ற இடமெல்லாம் கறுத்திருக்கிறது, அங்கே மட்டும் நிறம் வெளுப்பு.

மீனா அத்தை – 9:03
அடப்பாவிகளா.

குமார் – 9:10
நான் ஏலம் கேட்கப் போவதில்லை பெரியப்பா. ஆனால் வியாழக்கிழமை வேறு யாராவது எடுத்துவிடுவார்களே?

பெரியப்பா – 9:12
அதற்குள் புதுச்சேரிக்கும் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவுக்கும் எழுதிவிடலாம். பிரெஞ்சு நிறுவனத்தில் கோயில் படங்கள் ஒரு லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. இந்த மூன்றையும் எனக்கு டாக்குமென்டாக அனுப்பு. இதில் மங்கலாக வருகிறது.