பொங்கல் முடிஞ்சி திரும்புற ராத்திரி: ரிசர்வ் பண்ணாம ஸ்லீப்பர்ல ஏறுனவங்களுக்கு ஃபைன் போடணுமா வேணாமா?

முதுநகர்க்காரன்:
நேத்து ராத்திரி கடலூர் திருப்பாதிரிப்புலியூர்ல எழும்பூர் வண்டி ஏறுனேன். 60 நாள் முன்னாடி காலையில 8 மணிக்கு போனும் கையுமா உக்காந்து புடிச்ச லோயர் பர்த். உள்ள போனா அதுல நாலு பேரு, கீழ ஒரு அம்மா கரும்புக்கட்ட தலைமாட்டுல வெச்சி படுத்திருக்காங்க, எழுப்புனா "செங்கல்பட்டு வந்துடும் தம்பி, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்க"ங்குறாங்க. டிக்கெட் செக் பண்ற டிடிஇ ஆளையே காணோம். ஃபைன் போட்டு இறக்கி விட்டாதான் அடங்குவாங்க.

மஞ்சக்குப்பத்தான்:
நடுராத்திரி எங்க இறக்கி விடுவீங்க, விழுப்புரத்துலயா? ஜெனரல் பெட்டி வண்டியோட ரெண்டு முனையிலயும் இருக்கு, இங்க நிக்கிறதோ ரெண்டு நிமிஷம், கைக்குழந்தையும் பையுமா நடு பிளாட்பாரத்துல நிக்கிறவங்க எந்தப் பக்கம் ஓடுவாங்க சொல்லுங்க. ஓடிப்போய் பாத்தாலும் கதவுல தொங்கறவன் கால்தான் தெரியும். நான் போன வருஷம் வாஷ்பேசின்மேல சாய்ஞ்சிக்கிட்டே சென்னை வரைக்கும் போனவன், பாத்ரூம் கதவு திறக்குறப்பல்லாம் முழங்கால்ல இடிக்கும்.

உழவர்கரை:
அப்ப காசு குடுத்து ரிசர்வ் பண்ணவன் கேனயனா? எங்க அப்பாவுக்கு 74 வயசு, சுகரு, ராத்திரி நாலு தடவ எந்திரிப்பாரு. நடக்குற வழியெல்லாம் ஆளு, யாரையாவது மிதிக்காம பாத்ரூம் போவ முடியல. சரி ராத்திரி பத்துலேருந்து ஆறு வரைக்கும் மிடில் பர்த் போட்டுப் படுக்கலாம்னு ரூல் இருக்கே, அத தூக்கி மாட்டலாம்னா "நாங்க எங்க உக்காறது"ன்னு சண்டைக்கு வர்றாங்க.

கெடிலக்கரை:
ரூலு டிக்கெட்ட எங்க எடுத்தோம்ங்கறத பொறுத்து மாறுது. ஆன்லைன்ல எடுத்த வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்டு, யாருக்கு எந்த பர்த்னு கடைசி லிஸ்ட் (சார்ட்) போட்டதும் தானா கேன்சலாயிடும், காசு திரும்ப வந்துடும், ஆளு மட்டும் ஊர்லயே நிப்பான். கவுன்டர்ல எடுத்தது அப்படியே கையில இருக்கும், அத வெச்சிக்கிட்டு ஏறிடறாங்க. தட்கல் ஸ்லீப்பர் 11 மணிக்கு திறக்கும், ஸ்கிரீன்ல சக்கரம் சுத்தி முடிக்கறதுக்குள்ள வெயிட்டிங். 2025 ஜூலையிலேருந்து ஆதார் ஓடிபி வேற, எங்க ஊரு நெட்டுக்கு ஓடிபி வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும்.

முதுநகர்க்காரன்:
பஸ்ஸுல போவலாம்ல? ஈசிஆர்ல பாண்டியிலேருந்து விட்டுக்கிட்டே இருக்கான்.

மஞ்சக்குப்பத்தான்:
பொங்கலுக்கு ஆம்னி பஸ்காரன் கேக்குற ரேட்டு தெரியுமா, அந்தக் காசு இருந்தா நான் ஏன்யா வாஷ்பேசின்ல சாயறேன். கவர்மென்ட் பஸ்ஸுலயும் படிக்கட்டு வரைக்கும் ஆளு. ஜெனரல் பெட்டி ஒண்ணுல 100 சீட்டு, ஏறுறது அதுக்கு மேல எத்தனயோ மடங்கு. கவுன்டர்ல ஜெனரல் டிக்கெட்ட எத்தன பேருக்கு வேணா குடுப்பாங்க, பெட்டி மட்டும் கூடாது. டிக்கெட்டு வித்துட்டு எடம் குடுக்காதவன விட்டுட்டு நாம இங்க அடிச்சிக்கிறோம்.

உழவர்கரை:
அது சரிதான். ஆனா அந்தக் கோவத்த எங்கப்பா பர்த்துல உக்காந்து ஏன் காட்டணும்? ரயில்வே ஹெல்ப்லைன் 139க்கு போன் பண்ணேன், கம்ப்ளெய்ன்ட் நம்பர் வந்துச்சி, ஆளு வர்றதுக்குள்ள தாம்பரம் வந்துடுச்சி.

கெடிலக்கரை:
முதுநகரு, கடைசில உங்க பர்த் கெடச்சுதா இல்லயா?

முதுநகர்க்காரன்:
கால நீட்டாம உக்காந்துக்கிட்டே வந்தேன். அந்த அம்மா செங்கல்பட்டுல இறங்கறப்ப ரெண்டு துண்டு கரும்ப என் மடியில வெச்சிட்டு போய்ட்டாங்க. அதுக்காக ஃபைன் வேணாம்னு சொல்லமாட்டேன். கரும்பு நல்லா இருந்துச்சி.